பிள்ளைகள் வாசிக்க வேண்டுமானால்: புதிதாகப் பொறுப்பேற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியருக்கு

தலைமையாசிரியராகப் பொறுப்பேற்கும் நாளில் கைக்கு வந்து சேர்பவை சாவிக்கொத்து, இருப்புப் பதிவேடு, எமிஸ் (கல்வித்துறையின் இணையப் பதிவுத்தளம்) கடவுச்சொல், சத்துணவுக் கணக்கு. "இந்தப் பள்ளியில் இன்னின்ன பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை" என்று ஒரு தாளை யாரும் கொடுப்பதில்லை. அந்தத் தாளை நீங்கள்தான் எழுத வேண்டும். மற்ற வேலைகள் எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கும்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஐந்து வகுப்பு, ஐம்பது அறுபது பிள்ளைகள், உங்களையும் சேர்த்து இரண்டு அல்லது மூன்று ஆசிரியர்கள். பெரிய பள்ளியில் இருப்பவர்கள் அளவை மாற்றிக்கொள்ளலாம், முறை ஒன்றுதான்.

முதல் இரண்டு வாரம்: ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பதைக் கேளுங்கள்

இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஒவ்வொரு பிள்ளையும் தனியாக உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். நாளுக்கு ஆறு பேர் என்றால் அரைமணி நேரம். அறுபது பேர் இருந்தாலும் பத்து வேலைநாளில் முடித்துவிடலாம். ஒன்றாம் வகுப்பு கொஞ்சம் பொறுக்கட்டும், அவர்களிடம் பேசிப் பழகுவதே முதல் பருவத்துக்குப் போதுமான வேலை.

வாசிக்கக் கொடுக்க ஒரே ஓர் அட்டை வேண்டும். பிள்ளைகளுக்கு வாசிக்கவும் கணக்குப் போடவும் வருகிறதா என்று 2005 முதல் கிராமங்களில் வீடுவீடாகப் பார்த்துவரும் அசர் ஆய்வில் எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்று படிப்படியாகப் போகும் ஓர் எளிய தாளைப் பயன்படுத்துகிறார்கள். அதே போல நீங்களே கையால் எழுதிக்கொள்ளுங்கள். மேல்வரிசையில் பத்து எழுத்துகள், அகர வரிசை வேண்டாம், கலைத்து எழுதுங்கள். உயிர்மெய் கட்டாயம் இருக்கட்டும்: பி, தே, கொ, நு, லை, மூ. அடுத்து பத்துச் சொற்கள். அடுத்து நான்கு சிறு வாக்கியங்கள். கடைசியில் எட்டுப் பத்து வரியில் ஒரு குட்டிக் கதை, அதைப் பற்றி இரண்டு கேள்விகள். பாடப்புத்தகத்தில் இல்லாத வரிகளாக இருக்க வேண்டும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், நான் ஒரு முழு ஆண்டு ஏமாந்திருக்கிறேன். நான்காம் வகுப்பில் ஒரு பையன், பாடத்தைத் திறந்தால் கடகடவென்று ஒப்பிப்பான். விரல்கூட வரிமேல் நகரும். நன்றாக வாசிக்கிறான் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் பத்தியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேட்டேன். அவன் வாய்க்குள்ளேயே முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டு வந்து அந்தச் சொல்லை எட்டிப் பிடித்தான். எழுத்தில் பாதி அவனுக்குத் தெரியாது. காதால் கேட்டே எல்லாப் பாடங்களையும் மனத்தில் ஏற்றி வைத்திருந்தான். அவ்வளவு அறிவுள்ள பிள்ளைக்கு நான்கு ஆண்டாக வாசிக்கச் சொல்லித் தராமல் இருந்திருக்கிறோம். அன்றிலிருந்து பாடப்புத்தகத்தை வைத்து நான் யாரையும் சோதிப்பதில்லை.

கேட்கும்போது ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். "வாசிக்கவில்லை" என்று எழுதினால் அந்த நோட்டால் பயன் இல்லை. பிள்ளை என்ன சொன்னதோ அதை அப்படியே எழுதுங்கள். "கொக்கு" என்பதை "கெக்கு" என்று வாசித்தால், கொம்பைப் பார்த்துவிட்டுத் துணைக்காலை விட்டுவிட்டாள் என்று பொருள். "வீடு" "விடு" ஆனால் குறில் நெடில் பிடிபடவில்லை. "மழை" என்று இருப்பதை "மள" என்று சொன்னால் பதற வேண்டாம், வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள். எழுத்தை அவன் சரியாக அடையாளம் கண்டிருக்கிறான், நாக்குக்கு ழகரம் இன்னும் பழகவில்லை. மூன்றும் தப்பு மாதிரியே காதில் விழும். ஆனால் முதலாவதற்கும் இரண்டாவதற்கும் வெவ்வேறு பயிற்சி வேண்டும், மூன்றாவதற்கு வாசிப்புப் பயிற்சியே வேண்டாம். வகுப்பாசிரியருக்கு நீங்கள் தரக்கூடிய பெரிய உதவி இந்தக் குறிப்புதான். முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனித்தனியாகக் கேட்க அவருக்கு நேரம் கிடைப்பதில்லை.

கடிகாரத்தை இப்போது எடுக்காதீர்கள். சின்ன வகுப்புகளில் எழுத்தும் எண்ணும் வர வேண்டும் என்று ஒன்றிய அரசு 2021இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தில் மூன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை நிமிடத்துக்கு 60 சொல்லாவது பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்று ஓர் இலக்கு இருக்கிறது. தமிழில் சொல் எண்ணிக்கையை வைத்து வேகத்தை அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. "வந்துகொண்டிருந்தவர்களுக்கு" என்பது நமக்கு ஒரே சொல். வேகத்தைப் பிறகு பார்க்கலாம். தடுக்காமல் வாசிக்கிறாளா, வாசித்ததைத் தன் பேச்சில் திருப்பிச் சொல்கிறாளா, இந்த இரண்டும் இப்போதைக்குப் போதும்.

நேரத்தைக் காவல் காக்கும் வேலை

கல்வி உரிமைச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு ஆண்டில் 200 வேலைநாள், 800 மணி நேரக் கற்பித்தல். இதில் தினமும் 45 நிமிடத்தை வாசிப்புக்கு ஒதுக்கினால் ஆண்டுக்கு 150 மணி நேரம் கிடைக்கும். வாசிப்பு வராத ஒரு பிள்ளையை வாசிக்க வைக்க அது போதுமான நேரம். ஆனால் அந்த 45 நிமிடம் தப்பிப் பிழைக்க வேண்டுமே!

காலையில் முதல் பாடவேளையை அதற்குக் கொடுங்கள். அந்த நேரத்தில் எந்த ஆசிரியரையும் அலுவலக அறைக்குக் கூப்பிடாதீர்கள். எமிஸ் வருகைப்பதிவை மட்டும் முடித்துவிட்டு மற்ற இணையப் பதிவுகளை மதியத்துக்குத் தள்ளுங்கள். "அவசரம், உடனே அனுப்பவும்" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளுக்கும் பத்தரை வரை காத்திருக்கத் தெரியும். வங்கிக்குப் போவது, புத்தகக் கட்டு இறக்குவது, காஸ் சிலிண்டர் வாங்குவது எல்லாம் இந்த நேரத்துக்கு வெளியே இருக்கட்டும். இதைச் செய்ய உத்தரவு போட உங்களால் மட்டும்தான் முடியும். உதவி ஆசிரியர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் தன் நேரத்தைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாது.

காலை உணவுத் திட்டத்தால் இன்னொரு நல்லதும் நடந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் அது வந்த பிறகு, மணி அடிப்பதற்கு முன்பே பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். சாப்பிட்டு முடித்து வழிபாட்டுக் கூட்டம் தொடங்கும்வரை இருக்கும் அந்த இருபது நிமிடத்தில் கையில் ஒரு கதைப்புத்தகம் கொடுத்து வாசலில் உட்கார வையுங்கள். கேள்வி கேட்க வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம்.

வகுப்பு வேறு, நிலை வேறு

உங்கள் நோட்டை விரித்துப் பார்த்தால் ஒன்று தெரியவரும். ஐந்தாம் வகுப்பில் எழுத்து நிலையில் இரண்டு பேர் இருப்பார்கள், மூன்றாம் வகுப்பில் கதையை மளமளவென்று வாசிப்பவர் நான்கு பேர் இருப்பார்கள். தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் ஒன்று முதல் மூன்று வகுப்புக்கும், அடுத்த ஆண்டு நான்கு ஐந்துக்கும் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது இதற்காகத்தான். அந்தப் பெயர்களை எமிஸில் ஏற்றுவதோடு நிறுத்திவிட்டால் பயன் இல்லை. வாசிப்பு வேளையில் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கலந்து நிலைவாரியாக உட்கார வையுங்கள். எழுத்து நிலைக் குழுவை நீங்களோ, பள்ளியிலேயே நன்றாகச் சொல்லித் தரும் ஆசிரியரோ எடுக்க வேண்டும். கடினமான குழுவைப் புதிதாக வந்தவர் தலையில் கட்டுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது, அதை மட்டும் செய்யாதீர்கள்.

குழு நிலையானதும் இல்லை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்டு, முன்னேறியவர்களை மாற்றுங்கள்.

ஐந்தாம் வகுப்பில் எழுத்தே வராத பிள்ளையிடம் "அ, அம்மா, ஆ, ஆடு" படப்புத்தகத்தைக் கொடுத்தால் அவன் முகம் தொங்கிப்போகும். அவனுக்கு வயது பத்து. பேருந்துப் பலகை, கபடிக் குழுவின் பெயர், மளிகைக் கடைப் பட்டியல், அவனே சொல்லி நீங்கள் எழுதிய நான்கு வரி, இவற்றிலிருந்து எழுத்துச் சொல்லிக் கொடுக்கலாம். அப்புறம் ஒரு குட்டிக் கதையைத் தயார்செய்து ஒன்றாம் வகுப்புக்குப் போய் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் முன்னால் தடுமாறக் கூடாது என்பதற்காகவே பத்துத் தடவை பழகிவிட்டு வருவான். இதைப்போல் பலன் தந்த வழி வேறொன்று எனக்குத் தெரியாது.

சொல்லிக் கொடுக்கும் முறையில் எதைக் கவனிக்க வேண்டும்

தலைமையாசிரியர் மொழியியல் படித்திருக்க வேண்டியதில்லை. சில விஷயங்கள் தெரிந்திருந்தால் வகுப்பில் என்ன நடக்கிறது என்பது புரியும்.

தமிழ் எழுத்து 247 என்கிறோம். எல்லாவற்றையும் முடித்துவிட்டுச் சொல்லுக்குப் போகலாம் என்று காத்திருந்தால் பிள்ளைக்குச் சலித்துவிடும். ப, ட, ம, க, ல, ர என்ற ஆறு எழுத்தும் அவற்றின் புள்ளி வடிவமும் தெரிந்தாலே படம், மரம், கடல், பகல், பட்டம், கட்டம், கப்பல் எல்லாம் வாசித்துவிடலாம். பள்ளிக்கு வந்த இரண்டாவது மாதத்தில் "கப்பல்" என்று தானாகக் கூட்டி வாசிக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் மறுபடி முழு வரிசையை எழுதி முடிக்கச் சொல்ல மாட்டார்கள். எழுத்து தெரிந்த அளவுக்குச் சொல், சொல் தெரிந்த அளவுக்கு வாக்கியம் என்று கூடவே போக வேண்டும்.

கஷ்டமான இடங்கள் எவை என்பதும் தெரிந்திருக்கட்டும். கொம்பு எழுத்தில் இடப்பக்கம் நிற்கிறது, ஒலியில் பின்னால் வருகிறது. கொ, கோ என்றால் இரண்டு பக்கமும் குறி. உகரக் குறி எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும்: கு, சு, து, மு, ரு என்று எழுதிப் பார்த்தால் ஒன்றுபோல் ஒன்று இல்லை. 1978இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை, ளை போன்றவற்றை எளிமையாக்கியது, உகர ஊகாரத்தைத் தொடவில்லை. ஆகவே அங்கே ஆசிரியர் நின்று நிதானமாகப் போக வேண்டும். பிள்ளை மந்தம் என்று அந்த இடத்தில் முடிவுகட்டிவிடக் கூடாது. தமிழைப் போலவே எழுத்தமைப்புக் கொண்ட கன்னடத்தில் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துகள் முழுவதும் பிடிபட நான்காம் வகுப்புவரைகூட ஆகிறது என்று கண்டார். மூன்றாம் வகுப்பில் எழுத்துப் பயிற்சியை நிறுத்திவிடும் பள்ளிகள் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், எழுத்தைக் கூட்டிவிட்டால் தமிழை யாரும் சத்தமாக வாசித்துவிடலாம். அதனாலேயே பொருள் புரியாமல் வாசிக்கும் பிள்ளை நம் கண்ணில் படுவதில்லை. கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் ஓர் எளிய கணக்கைச் சொன்னார்கள்: எழுத்தைக் கூட்டும் திறனையும் மொழி புரியும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. பெருக்கல் என்பதைக் கவனியுங்கள். இரண்டில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம்.

புத்தகத் தமிழ் நம் பிள்ளைகளுக்குப் பாதி வேற்றுமொழி. வீட்டில் "ஓடிப்போச்சு", புத்தகத்தில் "ஓடிவிட்டது". ஆகவே ஆசிரியர் தினமும் பத்து நிமிடம் ஒரு கதையை உரக்க வாசித்துக் காட்ட வேண்டும், ஐந்தாம் வகுப்புவரை. பிள்ளை பதிலைத் தன் பேச்சில் சொல்லட்டும். "நரி ஏமாந்துபோச்சு" என்றால் அவளுக்குப் புரிந்துவிட்டது, அந்த இடத்தில் இலக்கணம் திருத்த வேண்டாம். வீட்டில் இந்தியோ ஒடியாவோ தெலுங்கோ பேசும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு முதலில் பேச்சுத் தமிழ் வர வேண்டும். எழுத்துப் பயிற்சி அதோடு கூடவே மெதுவாகப் போகட்டும்.

வகுப்பில் பின்னால் உட்காரும்போது

வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு வகுப்பிலும் இருபது நிமிடம். கண்காணிப்புப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அதைப் பார்த்தாலே ஆசிரியரின் குரல் மாறிவிடும். நான் எண்ணுவது ஒன்றைத்தான்: அந்த இருபது நிமிடத்தில் எத்தனை பிள்ளைகள் தனியாக வாய்திறந்து வாசித்தார்கள்? ஆசிரியர் ஒரு வரி சொல்ல, எல்லாரும் சேர்ந்து கத்தும் வகுப்பு வெளியிலிருந்து கேட்க உற்சாகமாக இருக்கும். நடுவில் ஐந்தாறு பேர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து ஒருவர் வாசிக்க மற்றவர் விரல்வைத்துப் பின்தொடரச் சொன்னாலே இது பாதி சரியாகிவிடும்.

வயதில் மூத்த ஆசிரியரிடம் குறை சொல்வது புதியவர்களுக்குச் சங்கடம். நான் கடைப்பிடித்த வழி இது: "டீச்சர், நாளைக்கு உங்கள் வகுப்பை அரைமணி நேரம் எனக்குக் கொடுங்கள். பின்னால் உட்கார்ந்து, எந்தப் பிள்ளை என்னைக் கவனிக்கவில்லை என்று எனக்குச் சொல்லுங்கள்." முதலில் உங்கள் வகுப்பு விமர்சனத்துக்கு உள்ளாகட்டும். அடுத்த வாரம் அவரே "சார், இன்றைக்கு நீங்கள் வந்து பாருங்கள்" என்பார். பார்த்த பிறகும் ஒரே ஒரு விஷயத்தைப் பேசுங்கள். ஐந்து விஷயம் சொன்னால் ஒன்றும் நடக்காது.

மாதம் ஒருநாள் மாலை, அரைமணி நேரம், எல்லா ஆசிரியரும் சேர்ந்து இரண்டே பிள்ளைகளைப் பற்றிப் பேசுங்கள். நோட்டில் இருக்கும் பக்கத்தைப் படித்து, அடுத்த நான்கு வாரத்துக்கு யார் என்ன செய்வது என்று முடிவெடுங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்குப் போகும்போதும் அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துப்போய் ஆசிரியர் பயிற்றுநரிடம் காட்டுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும்.

பீரோவைத் திறப்பது

பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையில் வந்திருக்கின்றன. சின்னச் சின்னப் புத்தகங்கள், பிள்ளைகள் பேசும் மொழிக்குப் பக்கத்தில் இருப்பவை. நான்கு ஐந்தாம் வகுப்புக்கு ஊஞ்சல் இதழும் உண்டு. இவை எத்தனையோ பள்ளிகளில் கட்டுப் பிரிக்காமல் பீரோவில் இருக்கின்றன. காரணம் சோம்பல் இல்லை, பயம். புத்தகம் கிழிந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்ற பயம்.

அதற்கு வழி இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், "நூல்கள் மாணவர் பயன்பாட்டுக்கு வகுப்பறையில் வைக்கப்படுகின்றன, பயன்பாட்டில் சேதமாகும் நூல்கள் ஆண்டு இறுதியில் பட்டியலிடப்படும்" என்று ஒரு தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், அவர்கள் மகிழ்ச்சியாகவே சம்மதிப்பார்கள். அப்புறம் வகுப்பில் ஒரு கயிறு கட்டி, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் புத்தகங்களைத் தொங்கவிடுங்கள். எந்தப் புத்தகத்தின் அட்டை முதலில் கிழிகிறதோ அதை இன்னும் இரண்டு பிரதி வாங்குங்கள்.

அதே கூட்டத்தில் பெற்றோரிடம் ஒன்று கேளுங்கள்: இரவில் பத்து நிமிடம், பிள்ளை வாசிக்க நீங்கள் கேட்க வேண்டும். எழுத்துத் தெரியாத அம்மாவும் இதைச் செய்யலாம். "அப்புறம் அந்த நரி என்ன ஆச்சு?" என்று கேட்டால் போதும். தப்புத் திருத்துவது பள்ளியின் வேலை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் அடி விழும்.

ஆறு மாதம் கழித்தும் நகராத பிள்ளை

முதலில் கண், காது. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் அந்தப் பெயர்களைத் தனியாகக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து வருகைப்பதிவேடு. வாரத்தில் இரண்டு நாள் வராத பிள்ளைக்கு எந்த முறையும் பலிக்காது, வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும். இரண்டும் சரியாக இருந்து, நன்றாகப் பேசி, கணக்கும் போட்டு, எழுத்து மட்டும் நிற்கவில்லை என்றால் கற்றல் குறைபாடாக இருக்கலாம். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருக்கிறார், அவரிடம் அனுப்புங்கள். அவர் பார்த்துச் சொல்லும்வரை நீங்களாகப் பெயர் வைக்காதீர்கள், குறிப்பாகப் பிள்ளையின் முன்னால்.

ஆண்டு முடிவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு நடுநிலைப் பள்ளிக்குப் போவார்கள். இன்னும் தடுமாறும் பிள்ளைகளின் பக்கங்களை நகலெடுத்து, அந்தப் பள்ளியின் தமிழாசிரியர் கையில் நேரில் கொடுங்கள். "இவளுக்கு ஒற்றெழுத்து இருந்தால் தடுக்கும், மற்றபடி கதை சொன்னால் விடமாட்டாள்" என்ற அளவுக்குக் குறிப்பு இருந்தால் அவர் ஜூன் மாதமே வேலையைத் தொடங்கிவிடுவார். உங்களுக்கும் ஒருநாள் பணிமாறுதல் வரும். அன்று சாவிக்கொத்து, இருப்புப் பதிவேடு, எமிஸ் கடவுச்சொல், சத்துணவுக் கணக்கு எல்லாவற்றுக்கும் மேலே இந்த நோட்டை வைத்து அடுத்தவரிடம் கொடுங்கள்.